கிராமத்தைப் பார்க்க வந்தவர்கள்



கண்டியிலிருந்து குருநாகலுக்குச் செல்லும் பிரதான வீதியில், கட்டுகஸ்தோட்டையில் மகாவலியைக் கடந்து, மலைச்சரிவுகளோடு வளைந்து வளைந்து சென்றால் கலகெதர வரும். கண்டியிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீற்றர் தூரம். சிங்களத்தில் 'கல' என்றால் கல், 'கெதர' என்றால் வீடு. கல்வீடு என்று பெயர் கொண்ட அந்த ஊர்தான் என் ஊர். நான் பிறந்ததும் அங்கேதான். முப்பது வருடங்கள் ஆசிரியத் தொழில் பார்த்து ஓய்வுபெற்று இன்று குடியிருப்பதும் அங்கேதான்.

இந்த இலக்கியத் தொடரில் கிராமத்தைப் பற்றிப் பேசும்படி கேட்டபோது, எதைச் சொல்வது என்று நான் நீண்ட நேரம் யோசிக்கவில்லை. இப்போதெல்லாம் எங்கள் கிராமத்தைப் பற்றி எங்களைவிட மற்றவர்களே அதிகம் பேசுகிறார்கள். 'பாரம்பரியக் கிராம வாழ்வை அனுபவிக்க வாருங்கள்' என்று பலகை எழுதி வீதியோரத்தில் நாட்டுகிறார்கள். ஹபரணைக்கு அருகே ஹிரிவடுன்னவில் மாட்டு வண்டிச் சவாரி, குளத்தில் வள்ளம், மண்குடிசையில் மதிய உணவு என்று உல்லாசப் பயணிகள் நாள்தோறும் சென்று வருகிறார்கள். எங்கள் கண்டி மாவட்டத்திலேயே நக்கிள்ஸ் மலைத்தொடருக்குள், லக்கேகல மலையின் அடிவாரத்தில் மீமுரே என்ற கிராமம் இருக்கிறது. ஹுன்னஸ்கிரியவிலிருந்து கரடுமுரடான பாதையில் இறங்கிச் செல்ல வேண்டும். ஒரு காலத்தில் வெளியார் கால் படாத இடம் என்று சொல்வார்கள். இன்று விடுமுறை நாளில் அங்கே வாகனம் நிறுத்த இடம் தேட வேண்டியிருக்கிறது.

இந்த அலை எங்கள் வீட்டு வாசலுக்கும் வந்தது. அந்தக் கதையைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

என் தம்பி வளைகுடா நாடொன்றில் பதினான்கு வருடங்கள் உழைத்தவன். 2020இல் கொரோனாவோடு வேலை போய் ஊர் வந்து சேர்ந்தான். கொஞ்ச நாள் முச்சக்கர வண்டி ஓட்டினான். 2022இல் எரிபொருளுக்கு மைல் கணக்கில் வரிசை நின்றபோது அதுவும் நின்றது. அடுத்த வருடம், கண்டியில் உல்லாசப் பயணிகளுக்கு வான் ஓட்டும் அவனுடைய சிநேகிதன் ஒருவன் யோசனை சொன்னான்: "உங்கட மகா கெதரய வெச்சிக்கொண்டு ஏன் மச்சான் கஷ்டப்படுற? வெள்ளக்காரன் இதத்தானே தேடி வாறான்."

மகா கெதர என்று அவன் சொன்னது எங்கள் பழைய வீட்டை. மண்சுவர், ஓட்டுக்கூரை, நடுவில் ஒரு சிறு முற்றம். வீட்டைச் சுற்றி ஒன்றரை ஏக்கர் வளவு. வளவுக்குக் கீழே படிவயல். உம்மாவும் தம்பி குடும்பமும் அதில்தான் இருக்கிறார்கள். நான் மேலே வீதியோரம் கட்டிய கல்வீட்டில் இருக்கிறேன்.

தம்பி ஆயத்தம் செய்த விதத்தைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். நல்ல ஓட்டுக்கூரையின் மேல் கிடுகு வேய்ந்தான். எங்கள் பக்கத்தில் யாரும் கிடுகு வேய்ந்து நான் கண்டதில்லை. எங்கிருந்தோ ஒரு வண்டிச் சக்கரத்தை வாங்கி வந்து வாசலில் சாத்தினான். குசினியில் இருந்த குளிர்சாதனப் பெட்டியையும் காஸ் அடுப்பையும் ஒரு மூலைக்குத் தள்ளி, முன்னால் திரைச்சீலை கட்டினான். தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் ஓலைப்பாய் தொங்கியது. கடைசியாகப் பின்திண்ணையில் பூனை படுக்கும் இடமாக இருந்த பழைய உரலைக் கழுவி முற்றத்தில் வைத்து, எண்பது வயதைத் தாண்டிய உம்மாவிடம் வந்து நின்றான்.

"உம்மா, அவங்க வந்த நேரம் நீங்க கொஞ்சம் அரிசி குத்திக் காட்டணும்."

உம்மா அவனை ஏறிட்டுப் பார்த்தார். "நெஞ்சு நோகுது என்டுதான் மகன் நாங்க குத்துறத விட்டுட்டு மில்லுக்குப் போட்டது. இப்ப படம் புடிக்கக் குத்தச் செல்றியா?" என்றார்.

நேயர்களே, கிராமியச் சுற்றுலாவைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையும் இந்த ஒரு கேள்வியைப் போல என்னை உலுக்கவில்லை. உரலையும் உலக்கையையும் நாம் அழகான பழம்பொருள் என்கிறோம். அதைக் கைவிட்டவர்களுக்கு அது அழகாக இருக்கவில்லை, நெஞ்சுவலியாக இருந்தது. ஆற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்த பெண்ணுக்குக் குழாய் வந்தது விடுதலை. பாரம்பரியம் என்று நாம் போற்றுகிறவற்றில் எது ஒரு சமூகத்தின் அறிவு, எது அதன் முதுகில் ஏறியிருந்த பாரம் என்று பிரித்துப் பார்க்காமல் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து விற்கப் புறப்படுவது எப்படிப்பட்ட வியாபாரம்?

ஆனாலும் மகனுக்காக உம்மா ஒப்புக்கொண்டார். முதலில் வந்தவர்கள் ஐரோப்பிய நாடொன்றைச் சேர்ந்த கணவன், மனைவி, ஒன்பது பத்து வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி. உம்மா நாலு முறை உலக்கையைப் போட்டார். ஐந்தாவது முறை ஓங்கியபோது கை நடுங்கியது. உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டு அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். கமெராவைப் பிடித்திருந்த தாய் அதைத் தாழ்த்தினாள். அந்த நேரம் பார்த்துச் சிறுமி தாகத்துக்குத் தண்ணீர் தேடிக் குசினிக்குள் போய்த் திரையை விலக்கிவிட்டாள்! உள்ளே குளிர்சாதனப் பெட்டி வெள்ளை வெளேரென்று நிற்கிறது. அதன் கதவில் என் தம்பி மகன் ஒட்டிய கிரிக்கெட் வீரர்களின் படங்கள்.

சிறுமி கலகலவென்று சிரித்தாள். தம்பிக்கு முகம் கறுத்துப்போனது. உம்மாவோ எழுந்து போய் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து, குளிர்ந்த தண்ணீர் எடுத்துக் கொடுத்து, விறகடுப்பையும் அதன் பக்கத்தில் இருந்த மின்சார அரிசிச் சட்டியையும் விரல் நீட்டிக் காட்டினார். சோறு இதில், கறி அதில் என்று சைகையால் சொன்னார். பலாக்கொட்டை சுட்டுக் கொடுத்தார். அன்றைக்கு அந்தக் குடும்பம் இரண்டு மணித்தியாலம் அந்தக் குசினியில்தான் இருந்தது. முற்றத்தில் வைத்த வண்டிச் சக்கரத்தை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை. கிராமத்தைப் பார்க்க வந்த அந்நியர் இவர்கள்தான் முதலாவதா என்று யோசித்தேன். அப்போது நினைவுக்கு வந்தவர் றொபேட் நொக்ஸ்.

1660ஆம் ஆண்டு திருகோணமலைக்கு அருகே கொட்டியாரத்தில் கரையொதுங்கிய ஆங்கிலக் கப்பல் ஒன்றின் தலைவனையும் மகனையும் மாலுமிகள் சிலரையும் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்தார்கள். அந்த மகன்தான் நொக்ஸ். அரசன் அவர்களைச் சிறையில் அடைக்கவில்லை. கிராமங்களுக்குப் பிரித்து அனுப்பி, கிராமத்தவர்கள் உணவளித்துப் பராமரிக்க வேண்டும் என்று கட்டளையிட்டான். தந்தை அடுத்த வருடமே ஒரு கிராமத்தில் காலமானார். மகன் ஏறத்தாழ 19 வருடங்கள் கண்டி நாட்டுக் கிராமங்களிலேயே வாழ்ந்தான். தொப்பி பின்னி விற்றான், நெல் கடன் கொடுத்து வாங்கினான், வீடு கட்டினான், தோட்டம் போட்டான். 1679இல் தப்பி, மன்னாருக்கு அருகே அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தான். 1681இல் லண்டனில் அவன் வெளியிட்ட நூல், அக்காலக் கண்டி நாட்டு மக்கள் என்ன உண்டார்கள், எப்படி உழுதார்கள், எதில் உறங்கினார்கள் என்பதை இன்றைக்கும் நமக்குச் சொல்கிறது.

யோசித்துப் பாருங்கள். கிராமத்து வீட்டில் தங்கி, கிராமத்து உணவை உண்டு, கிராம வாழ்வை அனுபவித்த அந்நியர்களில் நொக்ஸைவிட மூத்தவர் யார்? ஆனால் அவன் அதை விரும்பி அனுபவிக்கவில்லை. விரும்பாமல் அனுபவித்ததனால்தானோ என்னவோ அவனுடைய கண் கூர்மையாக இருந்தது. போகிற போக்கில் படம் பிடிக்கிறவனுக்குக் கிராமம் ஒரு காட்சி. அங்கேயே பட்டினி கிடந்து, அங்கேயே உழைத்தவனுக்கு அது ஒரு வாழ்க்கை.

இரண்டாவதாக எனக்கு நினைவு வருபவர் நம்மவர்: ஆனந்த குமாரசுவாமி. கொழும்பில் 1877இல் பிறந்தவர். சேர் முத்துக் குமாரசுவாமியின் புதல்வர். இங்கிலாந்தில் வளர்ந்து, நிலவியல் படித்து, இந்த நாட்டின் கனிப்பொருள் ஆய்வுக்குப் பொறுப்பாக 1903இல் வந்தார். கல்லைத் தேடி மலைநாட்டுக் கிராமங்களில் நடந்தவர் அங்கே கலையைக் கண்டார். தச்சரையும் கொல்லரையும் பாய் நெய்வோரையும் வீடு வீடாகச் சென்று பார்த்தார். மனைவி எதெல் புகைப்படம் எடுத்தார். 1908இல் வெளிவந்த இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெருநூல் அந்த நடையின் பயன்.

அந்த நூலிலிருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்று. அந்தக் கைவினைஞன் கடைக்காகச் செய்யவில்லை. விகாரைக்கும் அரண்மனைக்கும் அயல்வீட்டுக் கலியாணத்துக்கும் செய்தான். அவனுக்கு நிலம் இருந்தது. அந்த நிலத்துக்குரிய கடமையாக அவன் கைத்திறன் இருந்தது. வாங்குகிறவனும் அவனும் ஒரே ஊரார். எனவே குறைவாகச் செய்தால் மறுநாள் முகத்தைப் பார்க்க முடியாது. தும்பறையின் பாய் நெசவை, அந்தத் 'தும்பர ரட்டா கலால'க் கைவினையை, 2021இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. நமக்குப் பெருமைதான். ஆனால் அந்தப் பாயில் நம்மில் எத்தனை பேர் இருக்கிறோம்? நம்முடைய வீட்டில் பிளாஸ்டிக் பாய். உல்லாசப் பயணியின் பெட்டியில் தும்பறைப் பாய். ஊரார் வாங்காத பொருளை வழிப்போக்கனின் பணம் மட்டும் எத்தனை காலத்துக்குக் காப்பாற்றும்?

இவ்விடத்தில் இன்னொன்றையும் கூறியாக வேண்டும். 'வெளியுலகம் தீண்டாத கிராமம்' என்று விளம்பரங்களில் போடுகிறார்கள். அப்படியொரு கிராமம் எங்கள் பக்கத்தில் எக்காலத்திலும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. 1803இல் கண்டிமீது படையெடுத்த ஆங்கிலேயர் கலகெதரக் கணவாய் வழியாகத்தான் ஏறினார்கள். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே எங்கள் முன்னோரின் தவளம் மாடுகள் இந்த மலைப்பாதைகளில் நடந்திருக்கின்றன. பொதிமாட்டுக் கூட்டத்தைத் தவளம் என்பார்கள். கண்டி இராச்சியத்தில் போக்குவரத்துக்கென்றே 'மடிகே பத்த' என்ற ஒரு திணைக்களம் இருந்தது. பெரும்பாலும் முஸ்லிம்களே அதில் கடமையாற்றினார்கள் என்று வரலாற்றாசிரியை லோர்னா தேவராஜா இலங்கை முஸ்லிம்களைப் பற்றி 1994இல் வெளியிட்ட நூலில் விளக்கியிருக்கிறார். மடிகே என்ற பெயர் எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் ஊர்ப்பெயராக நிலைத்திருக்கிறது. கரையிலிருந்து உப்பும் கருவாடும் மேலே வந்தன. மலையிலிருந்து பாக்கும் மிளகும் கீழே இறங்கின. உப்பில்லாமல் எந்தக் கிராமம் வாழும்? ஆகவே ஒவ்வொரு கிராமத்து உலையிலும் தூரத்துக் கடல் ஒரு சிட்டிகை கரைந்துதான் இருந்தது.

அந்த வழிப்போக்கர்கள் எங்கே தங்கினார்கள்? அம்பலங்களில். கண்டி வீதியில் கடுகண்ணாவையில் ஓர் அம்பலம் இன்றும் நிற்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். குருநாகல் மாவட்டத்துப் பனாவிட்டிய அம்பலத்தின் மரச்செதுக்கல்கள் பேர்பெற்றவை. தமிழ்நாட்டில் சத்திரமும் சுமைதாங்கியும் போல, யாழ்ப்பாணத்து மடங்களைப் போல, மலைநாட்டில் அம்பலம். ஊரார் சேர்ந்து கட்டினார்கள். வீதியோரத்தில் குடிதண்ணீர்ப் பானை வைத்தார்கள். வந்தவன் எந்த ஊரான், எந்த மதத்தான் என்று அந்தப் பானை கேட்டதில்லை. எங்கள் கிராமத்துக்குப் பாரம்பரியம் என்று ஒன்று உண்டென்றால், நேயர்களே, அது கிடுகுக்கூரை அல்ல. இந்தத் தண்ணீர்ப் பானைதான்.

அப்படியானால் விருந்தாளியிடம் காசு வாங்குவது பாவமா என்று கேட்பீர்கள். அந்தக் கேள்வியை என் தம்பியிடம் நானும் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். அவன் சொன்ன பதில் என் வாயை அடைத்துவிட்டது. "ராத்தா, உங்களுக்குப் பென்ஷன் ஈக்கு. மிளகு விலை எறங்கின மாசம் நான் என்ன செய்ற? மகனையும் கட்டாருக்கு அனுப்பவா?"

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. ஊரைக் காப்பாற்ற வேண்டும் என்று மேடையில் பேசுகிற நாம், ஊரில் இருந்து பிழைப்பதற்கு ஒரு வழியும் சொல்லாமல் பேசுகிறோம். மார்ட்டின் விக்கிரமசிங்க 1944இல் எழுதிய 'கம்பெரலிய' நாவலை எம்.எம். உவைஸ் 'கிராமப் பிறழ்வு' என்ற பெயரில் தமிழுக்குத் தந்தார். பழைய பெரிய வீடு சிறுகச் சிறுகச் சரிவதையும், ஊரைவிட்டுப் போனவர்களே உயர்வதையும் அதில் காண்கிறோம். அந்தப் பிறழ்வு இன்னும் முடியவில்லை. எங்கள் ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடுகளே அதற்குச் சாட்சி.

எனவே தம்பியின் முயற்சியை நான் இனியும் ஏளனம் செய்வதில்லை. எப்படிச் செய்வது என்பதுதான் கேள்வி. இத்தாலியில் 1985இல் பண்ணைச் சுற்றுலாவுக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். விருந்தினரை ஏற்பது விவசாயத்துக்குத் துணையாக இருக்க வேண்டும், விவசாயமே முதன்மையாக இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஆபிரிக்காவில் செனகல் நாட்டின் கஸமான்ஸ் பகுதியில் 1970களில் கிராமத்தவர்கள் தங்கள் கட்டட முறையிலேயே விருந்தினர் விடுதிகளைக் கட்டி, வருமானத்தை ஊர்ப் பொதுப்பணமாக்கி, பாடசாலைக்கும் மருந்தகத்துக்கும் செலவிட்டார்கள். பிற்காலத்தில் அங்கே உள்நாட்டுக் கலவரம் மூண்டபோது விருந்தினர் வரவு குறைந்தது. ஆனாலும் வருமானம் ஊருக்கு என்ற அந்த எண்ணம் நமக்குப் பாடம். எங்கள் வீட்டு முதல் நாள் வருமானத்தில் பாதிக்கு மேல் இடைத்தரகருக்கே போயிற்று. படிவயலைக் காட்டிக் கூட்டிப்போனார்கள். வயலை உழுதவனுக்கு ஒரு சதம் கிடைக்கவில்லை.

இதே மலைநாட்டில் இன்னொரு காட்சியையும் நான் கண்டிருக்கிறேன். தேயிலைத் தோட்டங்களில் வாடகைக்குச் சேலையும் கூடையும் கொடுக்கிறார்கள். உல்லாசப் பயணிகள் அவற்றை அணிந்து, கொழுந்து பறிப்பதுபோல் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். கண்டி மாவட்டத்தின் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் வர்த்தக நோக்கில் தேயிலை பயிரிட்டதிலிருந்து இன்றுவரை அந்தக் கூடையைச் சுமந்த பெண்களின் லயத்து அறைகள் அந்தப் படத்தில் விழுவதில்லை. அட்டை கடித்த கால்களும் விழுவதில்லை. ஒருவரின் கூலி உழைப்பு மற்றவரின் பொழுதுபோக்கு வேடமாகும்போது, அதை 'அனுபவம்' என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. உழைப்பவரோடு பேச வேண்டும். அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். அதற்குரியதை அவர் கையில் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு வேண்டுமானால் படம் எடுக்கலாம்.

எங்கள் வீட்டில் சட்டம் போட்டவர் உம்மா. எண்பது வயதுப் பெண் போட்ட சட்டம் மூன்றே மூன்று. ஒன்று, திரை வேண்டாம், இருக்கிறது இருக்கிறபடி. இரண்டு, வந்தவர்கள் நாங்கள் உண்பதையே எங்களோடு இருந்து உண்ண வேண்டும். மூன்று, வீட்டில் சாவோ நோயோ இருந்தால், எவ்வளவு காசு தந்தாலும் அன்றைக்கு ஒருவரும் வரக்கூடாது. கிடுகு இறங்கியது. வண்டிச் சக்கரம் கோழிக்கூட்டுக்குக் கதவாயிற்று. உரல் பூனைக்கே திரும்பக் கிடைத்தது.

பிறகு எதைக் காட்டுவது? வளவைத்தான். கண்டிய வீட்டுத்தோட்டத்தை உலகத்து விவசாய அறிஞர்கள் வந்து பார்த்து எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதன் நடுவே பிறந்த எங்களுக்கு அது வெறும் வளவு. மேல் தட்டில் பலா, தென்னை, கித்துள். அதற்குக் கீழே கமுகு, கராம்பு, சாதிக்காய். மரத்துக்கு மரம் ஏறிய மிளகுக்கொடி. நிழலுக்குள் கோப்பி. தரையில் இஞ்சி, மஞ்சள், கிழங்கு வகைகள். காடு போலத் தெரியும். ஆனால் ஒவ்வொரு மரத்துக்கும் நட்டவர் பெயர் உண்டு. பலாவைச் சிங்கள மக்கள் 'பத் கஹ', சோற்று மரம் என்பார்கள். ஊர் ஊராகப் பலா நட்டதனால் ஆதர் வி. டயஸ் என்ற பெருமகனைக் 'கொஸ் மாமா', பலா மாமா என்றே நாடு அழைத்தது. 2022இல் அரிசிக்கும் எரிவாயுவுக்கும் ஆலாய்ப் பறந்த மாதங்களில் எங்கள் வீட்டுக்குச் சோறிட்டது அந்த மரம்தான். வேர்கள் பல ஆழங்களில் மண்ணைப் பிடித்திருக்கின்றன. 2025 நவம்பரில் டித்வா புயல் கண்டி மாவட்டத்து மலைச்சரிவுகளை எப்படிக் கிழித்துப் போட்டது என்று கண்டவர்களுக்கு, மண்ணைப் பிடித்து நிற்கும் ஒரு வேரின் பெறுமதியை நான் விளக்கத் தேவையில்லை.

ஒரு நாள் வந்த விருந்தாளி ஒருவர், வளவின் மேல் மூலையில் நின்ற மரத்தைக் காட்டி அதன் பெயரைக் கேட்டார். என் தம்பி மகனுக்கு அப்போது பதினைந்து வயது. ஆங்கிலம் நன்றாகப் பேசுவான். ஆனால் அந்த மரத்தின் பெயர் அவனுக்குத் தெரியவில்லை. சாதிக்காய்க்கும் கராம்புக்கும் வேற்றுமை சொல்லவும் தெரியவில்லை. அவன் வெட்கப்பட்டுப்போய் மூத்தம்மாவிடம் ஓடினான். அடுத்த வாரம் ஒரு கொப்பியோடு வளவில் திரிந்தான். மூத்தம்மா தடியை ஊன்றி முன்னால் போகிறார். பேரன் பின்னால் எழுதிக்கொண்டே போகிறான். தமிழில் ஒரு பெயர், சிங்களத்தில் ஒரு பெயர், இந்தப் பட்டை எந்த நோய்க்கு, அந்த இலை எந்தக் கறிக்கு, இந்தக் கன்றை எந்த வருடம் யார் நட்டது. பக்கத்து வளவுச் சிங்களத் தாயும் வேலியருகே வந்து, மறந்துபோன பெயர்களை எடுத்துக் கொடுத்தார். கொப்பி இன்று மூன்றாகிவிட்டது.

நேயர்களே, அந்தக் காட்சியை என் வீட்டு யன்னலில் நின்று பார்த்தபோது என் தலை குனிந்தது. முப்பது வருடங்கள் பாடசாலையில் தாவரங்களைப் பற்றிப் படிப்பித்தவள் நான். கரும்பலகையில் இலையின் படம் கீறினேன்; பிள்ளைகளை ஒருநாளாவது அந்த வளவுக்குள் கூட்டிச் சென்றதில்லை. தொலைதூரத்திலிருந்து ஒரு மனிதன் விமானம் ஏறி வந்து கேட்க வேண்டியிருந்தது, எங்கள் பிள்ளை எங்கள் மரத்தின் பெயரைக் கேட்பதற்கு.

2018இல் 23 இலட்சத்துக்கும் அதிகமான உல்லாசப் பயணிகள் இந்த நாட்டுக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டு உயிர்த்த ஞாயிறு தாக்குதல். அதற்கடுத்த ஆண்டு விமான நிலையமே மூடப்பட்டது. 2024இல் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டினார்கள். வருவார்கள், வராமலும் விடுவார்கள். வழிப்போக்கனை நம்பி வயலை விற்கக் கூடாது. போன மாதமும் ஒருவர் வந்து, எங்கள் படிவயலை நல்ல விலைக்குக் கேட்டார். நீச்சல் தடாகத்தோடு விடுதி கட்டுவாராம், அங்கிருந்து பார்த்தால் பச்சை வயல் தெரியுமாம். "வயலை வாங்கிட்டா பொறகு எந்த வயல் தெரியும்?" என்று உம்மா கேட்டார். அவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தம்பி இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறான். கேட்ட விலை சிறிய விலையல்ல. அவனுடைய கடனும் சிறிய கடனல்ல. இந்தக் கதைக்கு நல்லதொரு முடிவைச் சொல்லி உங்களிடமிருந்து விடைபெற எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை.

ஒன்று மட்டும் சொல்வேன். உங்கள் ஊரிலும் ஒரு வளவு இருக்கும். அதில் பெயர் தெரிந்த ஒரு முதியவர் இருப்பார். அந்நியர் வந்து கேட்கும்வரை காத்திராமல், இந்த விடுமுறையில் உங்கள் பிள்ளையின் கையில் ஒரு கொப்பியைக் கொடுத்து அவரிடம் அனுப்புங்கள். அந்தப் பயணத்துக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அவரிடம் போய்ச் சேரும் பாதை எந்நேரமும் திறந்திருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.